கழித்த வண்டியும் ஊர்ச் சொத்துதான்

“கண்டம் ஆன வண்டிதானே, படத்துக்காக வெடிக்க வைத்தால் என்ன குடி முழுகிவிடும்?” சினிமாச் சண்டைக் காட்சிக்காகப் பழைய பஸ் ஒன்றைப் பள்ளத்தில் உருட்டினார்கள், தீ வைத்தார்கள் என்று பஸ் பிரியர்கள் வருந்தும்போதெல்லாம் அவர்களுக்குக் கிடைக்கிற பதில் இதுதான். தயாரிப்பாளரும் இதைத்தான் சொல்கிறார், சண்டைப் பயிற்சியாளரும் இதைத்தான் சொல்கிறார். படம் பார்த்துவிட்டு வருகிறவரும், பஸ்ஸையே நம்பிப் பிழைக்கிற ஊர்க்காரரும்கூட இதையே திருப்பிச் சொல்கிறார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டுவிட்டதால் யாரும் இந்தப் பதிலைத் தட்டிப் பார்ப்பதில்லை. நான் தட்டிப் பார்க்கிறேன். உள்ளே ஒன்றும் இல்லை என்பதே என் கட்சி.

இந்தப் பதிலுக்குள் ஐந்து வாதங்கள் இருக்கின்றன. எப்படியும் உடைபடப் போகிற இரும்பு என்பது ஒன்று. காசு கொடுத்து வாங்கியவருக்கு அதை என்ன செய்யவும் உரிமை உண்டு என்பது இரண்டு. கலைக்கு நிஜம் வேண்டும் என்பது மூன்று. நூறு குடும்பம் பிழைக்கிறது என்பது நான்கு. மனிதர்கள் சாகிற நாட்டில் தகரத்துக்கு அழுவதா என்பது ஐந்து. ஐந்தையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன் நான் சொல்லாததைச் சொல்லிவிட வேண்டும். ஓடி முடித்த ஒவ்வொரு பஸ்ஸையும் பூட்டி வைத்துப் பூப்போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரே மாதிரியில் ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டு, பதினைந்து ஆண்டு ஓடி, சேசிஸ் துருவேறிப்போன வண்டி உடைபடுவதே முறை. பஸ் பிரியர்களில் சிலர் எந்த வண்டியை உடைத்தாலும் கொலை என்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் எது கடைசி வண்டி, எது நிறைய இருக்கிற வண்டி என்று பார்க்காமலே, கணக்கு எடுக்காமலே, கேட்பாரில்லாமல் அழிப்பதை எதிர்க்கிறேன். அந்த அழிவை இயல்பு என்று சொல்லும் பேச்சை அதைவிட அதிகமாக எதிர்க்கிறேன்.

புன்னைக்காயலில் இருந்துகொண்டு இதைப் பேசக் காரணம் உண்டு. ஆத்தூரில் பிரிந்து கிழக்கே வரும் சாலை எங்கள் ஊரோடு முடிகிறது. அதற்கப்பால் தாமிரபரணியின் முகத்துவாரமும் கடலும்தான். ரயில் இல்லாத ஊர். மீன் விற்கப் போகிற பெண்களுக்கும், பள்ளி கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்கும், தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்குப் போகிற முதியவர்களுக்கும் பஸ்தான் வழி. 2023 டிசம்பர் வெள்ளத்தில், பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியபோது, எங்கள் ஊர் துண்டிக்கப்பட்டுத் தீவாகக் கிடந்தது. மறுபடி பஸ் வந்து திரும்பினால்தான் ஊர் உலகத்தோடு சேர்ந்தது என்று பொருள். இப்படிப்பட்ட ஊரில் பஸ்ஸை வெறும் தகரம் என்று சொல்ல நாக்கு எழாது.

இன்னொரு காரணம் இதைவிடப் பழையது. அன்றாடப் பொருளைக் காப்பாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி. தமிழில் அச்சான மிகப் பழைய நூல்களில் ஒன்று ‘அடியார் வரலாறு’. என்றிகே என்றிக்கஸ் என்ற அண்டிறீக்கு அடிகள் 1586இல் அதைப் புன்னைக்காயலில் அச்சிட்டார் என்பது அச்சு வரலாறு. அதன் பிரதியைப் பார்க்க வேண்டுமென்றால் வத்திக்கான் நூலகத்துக்குப் போக வேண்டும். அது அச்சான கூடத்தின் ஒரு மரக்கட்டையையோ ஓர் ஈய எழுத்தையோ எங்கள் ஊரால் எடுத்துக் காட்ட முடியாது. அன்று அதைத் தூக்கிப் போட்டவர் யாராயிருந்தாலும் அவரும் நல்லவராகவே இருந்திருப்பார். தேய்ந்த எழுத்து, உடைந்த பலகை, இனி எதற்கு உதவும் என்றுதான் நினைத்திருப்பார். தூத்துக்குடியின் கதையும் வேறல்ல. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் கொண்டுவந்தார். அவருக்குச் சிலை இருக்கிறது, துறைமுகத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. அந்தக் கப்பல்களின் பலகை ஒன்றுகூட நம் கையில் இல்லை. கோயிலையும் செப்பேட்டையும் காப்பாற்றத் தெரிந்த நமக்கு, உழைத்த பொருளைக் காப்பாற்றத் தெரியவில்லை. அந்தப் பழக்கத்துக்குச் சினிமா இப்போது கைதட்டலும் சேர்த்துக் கொடுக்கிறது.

இனி முதல் வாதம். எப்படியும் உடைபடப் போகிற இரும்புதானே என்கிறார்கள். உடைப்பதும் எரிப்பதும் ஒன்றல்ல. முறையாக உடைக்கும் இடத்தில் என்ஜின், கியர் பாக்ஸ், டிஃப்ரன்ஷியல், பட்டை, அச்சு, சக்கரம் எல்லாம் தனித்தனியே கழற்றப்படும். அலுமினிய ஷீட் வேறு, இரும்பு வேறு, கண்ணாடி வேறு என்று பிரியும். நல்ல பாகம் இன்னொரு வண்டிக்குப் போகும். அந்த மாதிரியில் கம்பெனி உற்பத்தியை நிறுத்தி இருபது ஆண்டு ஆகியிருந்தால், இன்னும் ஓடுகிற ஒன்றிரண்டு வண்டிகளுக்கு உயிர் கொடுப்பது இப்படிக் கழன்று வருகிற பாகம்தான். படப்பிடிப்பில் தீ வைத்தால் அலுமினியம் உருகி வழியும், சேசிஸ் முறுக்கிக்கொள்ளும், ரெக்சினும் நுரை மெத்தையும் டயரும் கரும்புகையாகிக் காற்றில் கலக்கும். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருந்திருந்தால் அதுவும் சிதறும். பிறகு மிஞ்சுகிற கரிக்கட்டை காயலான் கடைக்காரருக்கும் பாதி விலைக்குத்தான் ஆகும். ஆகவே எரிப்பு என்பது உடைப்பின் இன்னொரு வடிவம் அல்ல, உடைப்பில் கிடைக்கும் பயனையும் சேர்த்துக் கொல்வது.

ஆனால் பாகங்களின் கணக்கு எனக்கு இரண்டாம்பட்சம். பஸ் ஓர் ஆவணம் என்பதே முதல் கணக்கு. 1972இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் பிறந்தன. 1974இல் நெல்லையில் கட்டபொம்மன் வந்தது, 1983இல் நாகர்கோவிலில் நேசமணி வந்தது. எங்கள் பகுதிக்கு வந்த பஸ்ஸின் விலாவில் கட்டபொம்மன் என்று பெரிய எழுத்தில் இருக்கும். 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு புதிதாக வந்த கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. அவர் எங்கள் மாவட்டத்துக் கவர்னகிரியில் பிறந்தவர். அந்தப் பெயர் தாங்கிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சாதியின் பேரால் ஒரு சாரார் கிளம்ப, தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை அரசு எடுத்துவிட்டது. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டமானதும் அப்போதுதான். தமிழ்நாட்டுச் சாதியின் வரலாற்றில் ஒரு முழு அத்தியாயம் ஒரு பஸ்ஸின் விலாவில் எழுதப்பட்டு, பிறகு அதன்மேல் வேறு பெயின்ட் பூசப்பட்டது. அந்தப் பெயின்ட்டுக்குக் கீழே பழைய எழுத்து தெரிகிற ஒரு வண்டி எங்காவது தப்பியிருந்தால் அது எவ்வளவு பெரிய சான்று! அதைக் கொண்டுபோய் மூன்று விநாடிக் காட்சிக்காகக் கொளுத்துவதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

எழுத்து மட்டுமில்லை. டிரைவர் பக்கத்தில் கொதிக்கிற பானெட், அதன்மேல் விரித்த கோணிச்சாக்கில் உட்கார்ந்து வந்தவர்கள், கூரைக்கு ஏறும் பின்பக்க ஏணி, பெண்கள் பகுதிக்கும் ஆண்கள் பகுதிக்கும் நடுவே இருந்த கம்பி, கண்டக்டரின் தனி இருக்கை, மரத்தளம் — இவை எல்லாம் நாம் எப்படிப் பயணம் செய்தோம், யாரோடு உட்கார்ந்தோம், யாரை நிற்க வைத்தோம் என்பதைச் சொல்கிற ஏடுகள். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் நாற்றம் என்று சொல்லி ஒரு மூதாட்டியைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டது நாட்டையே உலுக்கியது. ஊழியர்கள் இடைநீக்கம் ஆனார்கள். அதே ஆண்டு மே மாதம்தான் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்திருந்தது. கடற்கரைப் பெண்களுக்குப் பஸ் படிக்கட்டு என்பது உரிமைக்காக வழக்காடிய இடம். அந்தப் படிக்கட்டை நம் பேரப்பிள்ளைகள் பார்க்க வேண்டாமா?

இங்கே இன்னொரு உண்மையைச் சொல்ல வேண்டும். சினிமாக்காரர்களுக்கே அது உறைக்க வேண்டும். 2010இல் நடக்கிற கதைக்கு 2010ஆம் ஆண்டு வண்டி போதும். அதில் உருட்ட நிறைய இருக்கிறது. ஆனால் எண்பதுகளில் நடக்கிற கதை எடுப்பவர் எண்பதுகளின் பஸ்ஸைத் தேடுகிறார். ஊர் ஊராக ஆள் அனுப்பி, ஏதோ ஒரு அரிசி ஆலைக்குப் பின்னாலோ, பழைய தனியார் பஸ் முதலாளியின் ஷெட்டிலோ, தப்பித் தவறிக் கிடக்கிற ஒன்றைப் பிடிக்கிறார். அந்தக் காலத்தின்மீது அக்கறை இருப்பவர்தான் அந்தக் காலத்தின் கடைசிப் பொருளையும் கண்டுபிடிக்கிறார், அவரே அதை அழிக்கவும் செய்கிறார். அடுத்த இயக்குநர் வரும்போது புது சேசிஸில் போலி முகப்பு ஒட்டி ஏமாற்ற வேண்டியதாகிறது. விதை நெல்லை வேகவைத்துத் தின்கிற கதை இது. பழைய பஸ்ஸைக் காப்பாற்றச் சொல்வது சினிமாவுக்கு எதிரான குரல் என்று யாரும் எண்ண வேண்டாம். நாளைய சினிமாவுக்காகவும்தான் கேட்கிறோம்.

இரண்டாவது வாதம் உரிமை. ஏலத்தில் எடுத்தார், ரசீது வைத்திருக்கிறார், என்ன செய்தால் உனக்கென்ன என்கிறார்கள். சட்டம் இன்று அவ்வளவு எளிமையாக இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல், பதினைந்து ஆண்டைத் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. அரசுப் போக்குவரத்துக் கழக பஸ்களும் இதில் அடக்கம். அவை பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். ஆகவே கழித்த அரசு பஸ்ஸைக் கொளுத்துவதற்கு வாங்குகிற பழைய வழி அடைபட்டுவிட்டது. அப்படியானால் வேட்டை எங்கே திரும்பும்? தனியார் கையில் எஞ்சியிருக்கும் பழைய வண்டிகள் பக்கம்தான். எண்ணிக்கையில் மிகக் குறைந்தவை அவைதான்.

அவற்றைக் காக்கச் சட்டம் இருக்கிறதா என்றால், அங்கேதான் பெரிய ஓட்டை. 2021 ஜூலையில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழம்பெரும் வாகனங்களுக்கு விதி கொண்டுவந்தது. முதல் விற்பனையிலிருந்து ஐம்பது ஆண்டு தாண்டியிருந்தால் இருபதாயிரம் ரூபாய் கட்டித் தனி எண் வரிசையில் பதியலாம், பத்தாண்டுக்கு அது செல்லும். நல்ல விதி. ஆனால் அது இரண்டு சக்கர வண்டிக்கும் காருக்கும் மட்டுமே பொருந்தும். டிரைவரைத் தவிர எட்டு இருக்கைக்கு மேல் இருந்தால் அந்த வாசலில் நுழைய முடியாது. பணக்காரர் வீட்டு மோரிஸுக்கு மரபுச் சின்னம் என்று மரியாதை; ஆயிரம் ஏழைகளைச் சுமந்த லேலண்டுக்கு அது கிடையாது. ஒருவர் ஓட்டிய காரை வரலாறு என்றும் ஊரே ஏறிய பஸ்ஸைக் குப்பை என்றும் பார்க்கிற இந்தப் பார்வையைத்தான் படப்பிடிப்பும் பின்பற்றுகிறது. ரயிலுக்குச் சென்னை ஐ.சி.எஃப். பக்கத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது, காருக்குக் கோவையில் ஜி.டி. அருங்காட்சியகம் இருக்கிறது. இந்த ஜி.டி. நாயுடு தொழிலைத் தொடங்கியதே 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டிய ஒற்றை பஸ்ஸில்தான். பஸ்ஸில் தொடங்கியவரின் பெயரிலும் நாம் கார்களைத்தான் காத்துவைத்திருக்கிறோம்.

வாங்கியவருக்கு உரிமை உண்டுதான். ஆனால் சில பொருள்கள்மேல் வாங்கியவரின் உரிமை முழு உரிமை ஆகாது. பழைய ஓலைச்சுவடியைக் காசு கொடுத்து வாங்கி அடுப்பெரித்தால் ஊர் சும்மா இருக்குமா? அந்த பஸ் டிக்கெட்டுக் காசிலும் வரிப்பணத்திலும் ஓடியது. சட்டப்படி கைமாறியிருக்கலாம், ஊரின் பங்கு ஒரு ரசீதில் தீர்ந்துவிடாது.

மூன்றாவது வாதம்தான் இருப்பதிலேயே மதிப்புள்ளது: கலைக்கு நிஜம் வேண்டும். இதை மதித்தே பதில் சொல்கிறேன். கணினியில் வரைந்த நெருப்பு பொம்மை நெருப்பாகத் தெரிகிறது, எடை இல்லாத பஸ் எடை இல்லாமல் விழுகிறது என்பது உண்மை. ஆனால் நிஜ எடை வேண்டும் என்பதிலிருந்து நிஜமான பழைய வண்டி வேண்டும் என்ற முடிவு எப்படி வருகிறது? 2020இல் ‘மிஷன் இம்பாசிபிள்’ படக்குழு போலந்தில் பில்ஹோவித்சே ஏரியின் மேலுள்ள நூறாண்டு கடந்த ரயில் பாலத்தைத் தகர்க்க எண்ணியபோது அங்கேயும் இதே பேச்சு எழுந்தது. பழையதெல்லாம் மரபுச்செல்வம் ஆகிவிடாது என்று பண்பாட்டுத் துறையின் துணை அமைச்சரே பேசினார். பாலத்தின் பிரியர்கள் விடவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் பாலம் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் ஏறியது. படம் நின்றுபோனதா? இல்லை. மறு ஆண்டு இங்கிலாந்தில் ஒரு கல்குவாரியில் தண்டவாளம் போட்டு, அதற்கென்றே கட்டிய ரயில் என்ஜினைப் பள்ளத்தில் பாயவிட்டுப் படமாக்கினார்கள். இரும்பு நிஜம், எடை நிஜம், வீழ்ச்சி நிஜம். அழிந்தது மட்டும் யாருடைய வரலாறும் அல்ல. பெரிய பணம் உள்ளவர்களால்தான் இது முடியும் என்பார்கள். பஸ்ஸின் வெளிக்கூட்டைக் கட்டுவது ரயில் என்ஜின் கட்டுவது போன்ற பெருஞ்செலவு இல்லை. அதுவும் நாடு முழுவதற்கும் பஸ் பாடி கட்டுகிற கரூர் நம் மாநிலத்தில்தான் இருக்கிறது.

நிஜ பஸ்ஸையே உடைத்தாலும் எப்படி உடைப்பது என்பதற்கும் முன்மாதிரி உண்டு. 1973இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் ‘லிவ் அண்ட் லெட் டை’யில், லண்டனில் ஓடிய மாடி பஸ் ஒன்று தாழ்வான பாலத்தில் மோதி மேல்தளத்தை இழக்கும். மேல்தளத்தை முன்கூட்டியே வெட்டி, உருளைமேல் வைத்திருந்தார்கள். ஓட்டியவர் லண்டன் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுத்த மாரிஸ் பாட்செட். அந்த வகை பஸ் அப்போது லண்டனில் இன்னும் சேவையில் இருந்தது, ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டது, பிறகு அருங்காட்சியகத்திலும் பிரியர்கள் கையிலும் பத்திரமாக எஞ்சியது. அந்த ஒரு வண்டிக்காக நான் கண்ணீர் விடமாட்டேன். கடைசி வண்டி எது என்று தெரிந்துவைத்திருக்கிற நாடு, மற்றதை உடைக்கத் தகுதி பெறுகிறது. நாம் அந்தத் தகுதியை இன்னும் பெறவில்லை.

நம் சினிமாவையே பார்ப்போம். ‘மெட்ராஸ் டு பாண்டிச்சேரி’ 1966இல் ஒரு பஸ்ஸை நம்பியே முழுப் படத்தையும் ஓட்டியது; இந்தியில் ‘பாம்பே டு கோவா’ ஆகிப் போனது. 2011இல் ‘எங்கேயும் எப்போதும்’ இரண்டு பஸ்களின் மோதலைக் காட்டியது. அந்த மோதல் இன்றைக்கும் நெஞ்சை அடைப்பதற்குக் காரணம் நசுங்கிய தகரம் இல்லை. சீட்டுகளில் யார் யார் இருக்கிறார்கள், யார் யாரைப் பார்க்கப் போகிறார்கள் என்று நமக்குத் தெரிந்திருந்ததுதான் காரணம். ஆட்களை அறியாமல் பார்த்தால் எந்த வெடிப்பும் தீபாவளி வேடிக்கைதான். கதையில் கனம் இல்லாத இடத்தில் பெட்ரோலை ஊற்றிக் கனம் தேடுகிறார்கள். அந்தக் குறையைப் பஸ் ஈடுகட்ட முடியாது.

நான்காவது வாதம் பிழைப்பு. சண்டைக் கலைஞர்களின் பிழைப்பைப் பற்றி நானும் கவலைப்படுகிறேன், அதனால்தான் கேட்கிறேன். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் கார் கவிழ்ப்புக் காட்சியில் ஒரு சண்டைக் கலைஞர் உயிரிழந்தார். கதாநாயகனின் பெயர் திரையில் வர, உயிரைப் பணயம் வைப்பவர் பெயரில்லாமல் இருக்கிறார். வாகனத்தை உருட்டுகிற காட்சி பெருகப் பெருக, ஆபத்தும் அவர் தலையில்தான் பெருகுகிறது. பழைய வண்டியோ இன்னும் மோசம். துரு எங்கே தின்றிருக்கிறது, எந்த வெல்டிங் விடும், எந்தப் பட்டை முறியும் என்று யாருக்கும் தெரியாது. காட்சிக்கென்றே கட்டிய கூடு எங்கே மடங்க வேண்டும் என்று திட்டமிட்டுக் கட்டியதாயிருக்கும், உள்ளே இருப்பவரைக் காக்கும் கம்பிக் கூண்டும் அதோடு சேர்ந்தே வரும். அப்படிக் கட்டினால் வெல்டருக்கு வேலை, டிங்கருக்கு வேலை, பெயின்ட்டருக்கு வேலை, தையல்காரருக்கு வேலை. பழைய வண்டியை வாங்கி எரித்தால் புரோக்கருக்கு மட்டும்தான் வேலை. பிழைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கட்டும்.

ஐந்தாவது வாதம்: மனிதர் சாகும் நாட்டில் பஸ்ஸுக்கு அழுவதா? மனிதர் செத்ததாலேயேதான் கேட்கிறேன். 2000 பிப்ரவரி 2ஆம் தேதி, தர்மபுரி இலக்கியம்பட்டியில் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் வந்த பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். மூன்று பெண்கள் உள்ளேயே கருகினார்கள். ஒரு தலைவருக்கு நீதிமன்றம் தண்டனை விதித்தது என்ற கோபத்தை ஒரு பஸ்மேல் காட்டினார்கள். நம் ஊரில் எந்தக் கட்சிக்குக் கோபம் வந்தாலும், எந்தச் சாதிக்குக் கோபம் வந்தாலும், முதல் கல் பஸ் கண்ணாடிமேல்தான் விழுகிறது. பொதுச் சொத்தைச் சேதப்படுத்தினால் இழப்பீடு வாங்க 1992இல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. இந்த மண்ணில் எரிகிற பஸ் ஒரு கற்பனைக் காட்சி ஆகாது. அதைப் பார்த்து விசிலடிக்கப் பழகிய கண்ணுக்கு, தெருவில் எரிகிற பஸ்ஸும் ஒரு காட்சியாகிவிடும் அபாயம் இருக்கிறது. சினிமா பார்த்தா கொளுத்தினார்கள் என்று கேட்பார்கள். இல்லை. ஆனால் பஸ் கொளுத்தத்தக்க பொருள் என்ற எண்ணம் எங்கிருந்தோ வருகிறது. அந்த எண்ணத்துக்கு இன்னொரு செங்கல் எடுத்துக் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

அழிப்பதற்குச் சினிமா மட்டுமே வழி என்றும் இல்லை. இலங்கையில் 2020இல் திருகோணமலைக் கடலிலும், 2021 ஜூனில் யாழ்ப்பாணப் பக்கம் நெடுந்தீவுக் கடலிலும், மீன் பெருகட்டும் என்று கழித்த அரசு பஸ்களைக் கப்பலில் கொண்டுபோய் மூழ்கடித்தார்கள். வலை கிழியும், கடல் கெடும் என்று இராமேசுவரத்து மீனவர்கள் எதிர்த்தார்கள். எங்கள் மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவைக் காக்க ஆய்ந்து வடிவமைத்த செயற்கைப் பாறைகளைப் போட்டிருக்கிறார்கள். அது வேறு, துருப்பிடித்த பஸ் வேறு. நோக்கம் நல்லதாக இருப்பதால் மட்டும் பழைய பஸ்ஸைக் கண்டபடி தள்ளிவிட முடியாது என்பதைக் கடலோரத்து மக்களான எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

காப்பாற்ற முடியாதா என்றால், முடிகிறது. மும்பை பெஸ்ட் நிறுவனத்துக்கு ஆணிக் பணிமனையில் அருங்காட்சியகம் இருக்கிறது. 2023 செப்டம்பரில் அங்கே பழைய டீசல் மாடி பஸ்கள் ஓய்வுபெற்றபோது, இரண்டையாவது அங்கே வையுங்கள் என்று பயணிகளும் பிரியர்களும் குரல் கொடுத்தார்கள். கேரளத்தில் கழித்த பஸ்கள் மூணாறில் தங்கும் அறைகளாயின, திருவனந்தபுரத்தில் பள்ளி வகுப்பறைகளாயின. நம் அரசே 2023 ஆகஸ்டில் பழைய சேசிஸ்களுக்குப் புது பாடி கட்டி, மஞ்சள் பூசி, சாலையில் விட்டது. முடிந்துபோனது என்று நினைத்த வண்டிக்குள் இன்னும் பல ஆண்டு உழைப்பு இருந்தது என்பதை அரசுப் பணிமனைகளே நிரூபித்துவிட்டன.

பஸ் பிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வண்டி எரிந்த பிறகு படத்தைப் பகிர்ந்து புலம்புவதில் பயன் இல்லை. எந்த மாதிரி, எந்த ஆண்டு, எங்கே கட்டிய பாடி, எத்தனை மிச்சம் என்ற கணக்கு உங்களிடம்தான் இருக்கிறது. என்ஜின் சத்தத்தை வைத்தே வண்டியின் ஆண்டைச் சொல்கிறவர்கள் நீங்கள். அந்த அறிவைப் பட்டியலாக்கி, பொதுவில் வையுங்கள். எல்லாவற்றையும் காப்பாற்று என்று கேட்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. இந்த வண்டியைக் காப்பாற்று, காரணம் இது என்று கேட்பவரை மறுப்பது கடினம்.

நான் கேட்பவை மூன்றே. ஒன்று, ஒவ்வொரு போக்குவரத்துக் கழகமும் தான் ஓட்டிய ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு வண்டியை உடைப்பு நிலையத்துக்கு அனுப்பாமல் நிறுத்திவைக்க வேண்டும். நெல்லையிலோ நாகர்கோவிலிலோ ஒரு பழைய பணிமனைக் கூடம் போதும். அதைப் பராமரிக்க ஓய்வுபெற்ற மெக்கானிக்குகளே முன்வருவார்கள். இரண்டு, பழம்பெரும் வாகன விதியைப் பஸ்ஸுக்கும் நீட்ட வேண்டும். ஓட்டாமல் காட்சிக்கு வைக்கிற வண்டிக்குப் பதினைந்து ஆண்டு விதியிலிருந்து விலக்கு வேண்டும். மூன்று, படத்தில் ஒரு பஸ்ஸை அழிப்பதற்கு முன் அதன் மாதிரியையும் ஆண்டையும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். முப்பது ஆண்டைத் தாண்டிய வண்டி என்றால் நகல் கட்டியே எடுக்க வேண்டும்.

மூன்றாவது நடக்காத காரியம் என்று சினிமா உலகம் சொல்லும். விலங்குகளை நடிக்க வைக்க விலங்கு நல வாரியத்தின் அனுமதி வேண்டும் என்ற விதி வந்தபோதும் இப்படித்தான் சொன்னார்கள். இன்று அந்த அனுமதி இல்லாமல் ஒரு மாட்டுவண்டிக் காட்சிகூட எடுக்க முடியாது. படங்கள் நின்றுவிடவும் இல்லை, கெட்டுவிடவும் இல்லை. உயிருள்ள மாட்டுக்கும் உயிரில்லாத பஸ்ஸுக்கும் வேறுபாடு எனக்குத் தெரியும். ஆனால் காட்சிக்காக எதையும் செய்யலாம் என்ற எண்ணத்துக்கு எல்லை போட முடியும் என்பதை அந்த விதி காட்டிவிட்டது. எல்லையைப் பழைய பஸ் வரைக்கும் நகர்த்துவது பெரிய வேலை இல்லை.

கண்டம் ஆன வண்டிதானே என்று இனி யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அது கடைசி வண்டி இல்லை என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியும் என்றால் கணக்கைக் காட்டுங்கள், உடைத்துக்கொள்ளுங்கள். தெரியாது என்றால் தீக்குச்சியைக் கீழே போடுங்கள். அச்சுக்கூடத்தைத் தொலைத்த ஊர்க்காரன் என்ற முறையில் இதைக் கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறது. இந்த மாநிலத்தில் ஒருமுறையாவது டிக்கெட் எடுத்த எல்லோருக்கும் அதே உரிமை உண்டு.